வெளியேறிய அறுபத்தொரு பேர்

ஓர் அறையைக் கட்டியவனே அதற்குள் அடைபட்டிருக்கிறான். கதவை எப்போது திறக்கலாம் என்று விதி எழுதியவனும் அவன்தான். அவனைச் சொந்தக்காரன் என்பதா, கைதி என்பதா? லட்சுமணசாமியின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. அவருக்கு அது வந்ததா என்று தெரியவில்லை. கேள்விகளை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஆள் அல்ல அவர். மோட்டார் ஓடவில்லை என்றால் ஃபியூஸைப் பார்ப்பார். அதற்கு மேல் யோசிக்க மாட்டார்.

கோபிசெட்டிபாளையத்துக்குத் தெற்கே வாய்க்கால் பாசனத்தில் மூன்றரை ஏக்கர் நிலம். வாழையும் கொஞ்சம் மஞ்சளும் வரப்போரத் தென்னையும். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பா காளிச்சாமிக்குப் பக்கவாதம் வந்தபோது ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஊருக்கு வந்தார். அது நடந்து பதினொரு வருடம் ஆகிறது. அப்பா இறந்துவிட்டார். நிலம் இருக்கிறது, அம்மா பூவாத்தாள் இருக்கிறார், மாடு இரண்டு இருக்கிறது.

பெண் பார்க்க ஆரம்பித்தபோது அவருக்கு முப்பது. தோட்டத்தில் இருக்கிற மாப்பிள்ளை வேண்டாம், கோயமுத்தூரில் வேலை வேண்டும் என்றார்கள். கோயமுத்தூருக்குப் போனால் நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை. நிலத்தை விற்றுவிட்டுப் போனாலோ, மாப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று அதே வாய் கேட்கும். மூன்று பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு அவர் நடுவில் நின்றார். நாற்பத்தொன்று வரை அங்கேயே நின்றார்.

கல்யாணத்துக்கென்று மாடியில் ஓர் அறை கட்டியிருந்தார்கள். குளியலறை சேர்ந்தது, இளநீல டைல்ஸ். வாங்கிப் போட்ட மெத்தையின் பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கவில்லை. வாரம் ஒரு முறை பூவாத்தாள் மேலே போய் அந்தப் பிளாஸ்டிக்கைத் துடைத்துவிட்டு வருவார். லட்சுமணசாமி கீழே ஹாலில்தான் படுப்பார்.

குழு தொடங்கிய கதை வேறு. அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வரன் அறிமுக விழா நடந்தது. மாப்பிள்ளைகளின் ஜாதகங்கள் எண்ணூறுக்கு மேல் வந்திருந்தன. பெண்களின் ஜாதகங்கள் இருபத்து மூன்று. லட்சுமணசாமிக்கு நானூற்றுப் பன்னிரண்டாவது டோக்கன். சாப்பாட்டு வரிசையில் பின்னால் நின்றவர் கிருபாசங்கர், கோபியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவர்.

"ஏனுங் மாப்ளை, இது பொண்ணு பாக்க வந்த கூட்டமா, மண்ணெண்ணெய்க்கு நிக்கிற கூட்டமா?" என்றார் கிருபாசங்கர்.

"மண்ணெண்ணெயாவது லிட்டர் கணக்குல குடுப்பானுங்க," என்றார் லட்சுமணசாமி.

இலை போடுவதற்குள் பதினொரு பேர் கொண்ட ஒரு வாட்ஸப் குழு உருவாகிவிட்டது. 'நல்ல நேரம்' என்று பெயர் வைத்தார் லட்சுமணசாமி. மறுநாள் காலையில் மூன்று விதிகளை எழுதிப் போட்டார். புலம்பக் கூடாது. வேண்டாம் என்று சொன்ன பெண் வீட்டாரைப் பற்றிப் பேசக் கூடாது. கல்யாணம் முடிவானவர் பத்திரிகையையோ படத்தையோ இங்கே போட்டு மற்றவர் மனதைச் சங்கடப்படுத்தக் கூடாது. அவர் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

மூன்றாவது விதியில் ஒரு கனிவு இருந்தது. மறுக்க முடியாது. ஆனால் அதனால் அந்தக் குழுவில் வெளியேறுவது என்றாலே கல்யாணம் என்று ஆகிவிட்டது. ஒருவர் வெளியேறினார் என்ற வரி திரையில் வந்ததும் மற்றவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள், போனவர் அதைப் பார்க்க மாட்டார் என்று தெரிந்தும். பிறகு வாட்ஸப்காரர்கள் முறையை மாற்றினார்கள். யார் வெளியேறினாலும் அட்மினுக்கு மட்டுமே தெரியும் என்று ஆனது. அப்போது லட்சுமணசாமியே அறிவிக்கத் தொடங்கினார்: 'இன்னார் வெளியேறினார். வாழ்த்துக்கள்.' அதன் கீழே எழுபது, எண்பது வாழ்த்துகள் வரிசையாக வரும். ஒழுங்கு அவருடைய குணம். அது நல்ல குணமா என்பதை அவர் யோசித்ததில்லை.

குழுவில் இருநூற்று முப்பது பேர் இருந்த காலத்தில் நித்யஸ்ரீ வந்தார். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறையில் ஆராய்ச்சி செய்கிறவர். கல்யாணம் தள்ளிப்போகிற விவசாயக் குடும்பத்து ஆண்களின் தனிமையைப் பற்றி ஆய்வு. வீடு வீடாகப் போய்க் கேட்டால் யாரும் உண்மை பேசுவதில்லை என்பதால், அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதைக் கணினியைக் கொண்டு படிக்கலாம் என்பது அவர் திட்டம்.

பூவாத்தாளுக்கு ஆராய்ச்சி புரியவில்லை. கைப்பையோடு ஒரு பெண் வந்திருப்பது புரிந்தது.

"அம்மணி, நீங்க என்ன கூட்டமுங்க?"

நித்யஸ்ரீ சிரித்துக்கொண்டே சொன்னார். அது இவர்களுடைய கூட்டமேதான், ஒரே குலம்.

"அப்ப பங்காளி ஊடு," என்று பெருமூச்சு விட்டார் பூவாத்தாள். "அண்ணன் தங்கச்சி முறை ஆயிப்போச்சு. சரி, காப்பி குடிக்கிறயா கண்ணு?"

"குடிக்கிறேனுங் பெரியம்மா."

பூவாத்தாள் உள்ளே போனதும் லட்சுமணசாமி கேட்டார்: "இதுல எங்காளுகளுக்கு என்னங்க பிரயோசனம்?"

"யாரு ரொம்ப ஒடிஞ்சு போயிருக்காங்கன்னு முன்னாலேயே தெரிஞ்சா, அவங்களுக்குப் பேச ஆள் ஏற்பாடு பண்ணலாமுங்கண்ணா. இங்க யாரும் வாயத் தொறந்து சொல்றதில்லீங்களே."

"சொல்லக்கூடாதுன்னு ரூல் போட்டதே நாந்தானுங்க," என்றார் அவர். நகைச்சுவையாகத்தான் சொன்னார்.

அப்போது குழுவில் இருந்த ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கினார்கள். மறுத்தவர்களின் செய்திகளை நீக்கினார்கள். பெயர்கள் எண்களாயின. கணினிக்குக் கற்றுக்கொடுக்க முதலில் ஒரு மனிதர் ஆயிரம் செய்திகளைப் படித்து, ஒவ்வொன்றும் மகிழ்ச்சியா, வருத்தமா, ஆதரவா, வேறா என்று குறிக்க வேண்டும். அந்தப் பேச்சும் கிண்டலும் தெரிந்தவராக இருக்க வேண்டும். லட்சுமணசாமி ஒப்புக்கொண்டார். மும்முனை மின்சாரம் வருகிற பகல் நேரத்தில், மோட்டார் அறையில் உரச்சாக்கின் மேல் உட்கார்ந்து, நித்யஸ்ரீ கொடுத்த மடிக்கணினியில் குறித்துக்கொண்டே போனார். காலை வணக்கப் படங்கள்: மகிழ்ச்சி. வாழ்த்துக்கள்: மகிழ்ச்சி. வாழ்த்துக்கள் மாப்ளை: மகிழ்ச்சி. இருநூறுக்கு மேல் வாழ்த்துகளைக் குறித்திருப்பார். ஒன்றில்கூட அவர் தயங்கவில்லை என்று நித்யஸ்ரீ பின்னால் சொன்னார்.

கணினி அதைக் கற்றுக்கொண்டு நான்கு வருடச் செய்திகளையும் படித்து, நாள்வாரியாக மகிழ்ச்சிக்கு ஒரு வரைபடம் போட்டது. நித்யஸ்ரீ அதைக் கொண்டுவந்து காட்டினார்.

"பாருங்கண்ணா. கீழேயே ஓடுற கோடு அங்கங்க ஊசியாட்டம் மேல போகுதுங்களா? ஒவ்வொண்ணும் ஒருத்தர் வெளிய போன நாளுங்க."

"எத்தன பேரு?"

"அறுபத்தொண்ணு."

லட்சுமணசாமி ஊசிகளை எண்ணிப் பார்த்தார். தான் வளர்த்த வாழை தார் தள்ளியதைப் பார்க்கிற முகம் அது என்றார் நித்யஸ்ரீ. குழுவின் மகிழ்ச்சியெல்லாம் அந்த அறுபத்தொரு நாட்களில்தான் இருந்தது.

ஆனால் நித்யஸ்ரீயின் வழிகாட்டிப் பேராசிரியர் அதை அப்படியே ஏற்கவில்லை. வெளியேறியவர்களின் பழைய செய்திகளைப் பயன்படுத்த அவர்களுடைய சம்மதம் வேண்டும், அவர்களுக்குக் கல்யாணம் ஆனதா என்று உறுதி செய்யவும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத பெண் கூப்பிட்டால் பேசத் தயங்குவார்கள் என்பதால் அந்த வேலையும் லட்சுமணசாமியிடமே வந்தது. பட்டியலில் பெயருக்கு எதிரே மூன்று கட்டங்கள்: திருமணம், தொடர்பு இல்லை, வேறு.

முதல் சில நாட்கள் அவருக்கு அது சந்தோஷமான வேலைதான். "எப்படி மாப்ளை, எத்தன கொழந்தைக?" என்று கேட்டுக்கொண்டே முதல் கட்டத்தில் குறித்தார். பிறகு வேறு மாதிரியான பதில்கள் வரத் தொடங்கின. தம்பிக்குக் கல்யாணம் ஆன அன்று ஒருவர் வெளியேறியிருந்தார். "அவமானமா இருந்துச்சுங்க, அதான்," என்றார். இன்னொருவர் சலித்துப்போய் வெளியேறியிருந்தார். "எனக்கு வாழ்த்துச் சொன்னீங்களாமே, எதுக்குன்னு கேக்கலாம்னு நெனச்சேன், அப்புறம் விட்டுட்டேன்," என்றார். அப்படி எட்டுப் பேர். இன்னும் எட்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. நாற்பத்து நான்கு பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

மிச்சம் ஒருவர். அருள்குமார், குன்னத்தூர்ப் பக்கம். குழுவில் தினமும் ஆறு மணிக்குத் தாமரைப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னவர். ஒரு பெண் எடுத்தாள். இரைச்சலில் கேட்கவில்லை. லட்சுமணசாமி மோட்டாரை நிறுத்தினார்.

"ஏனுங்க, அருள்குமார் இருக்காப்லீங்களா? கோபியிலிருந்து லட்சுமணசாமி பேசறேனுங்க. நல்ல நேரம் குழு அட்மின்."

"நான் அவரு தங்கச்சி வர்ஷினிங்க. அண்ணன் இல்லீங்க. எறந்து ஒரு வருசத்துக்கு மேலாச்சு."

"அடக் கடவுளே. கல்யாணம் ஆகி எத்தன நாளுங்க?"

"யாருக்குங்க கல்யாணம்?"

குழுவை விட்டு வெளியே வந்த மூன்றாம் நாள் அண்ணன் தன் உயிரை முடித்துக்கொண்டதாகச் சொன்னாள். அண்ணனுடைய போன் அவளிடம்தான் இருந்தது.

"கடைசியா வந்ததெல்லாம் வாழ்த்துத்தானுங்க. தனியா பதினோரு பேரு அனுப்பியிருக்காங்க. எதுக்குன்னு எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. அண்ணன் எல்லாத்தையும் படிச்சிருக்காப்ல. உங்களுதும் இருக்குதுங்க. 'மாப்ளை, சந்தோசம். அடுத்தது நாந்தான், வேண்டிக்கோ'ன்னு."

அதை அனுப்பியது அவருக்கு நினைவிருந்தது. நீல டிக் விழுந்ததும் பதில் வராததும் நினைவிருந்தன. கல்யாண வேலையில் இருப்பான் என்று எண்ணியதும் நினைவிருந்தது. மூன்றாவது விதியை வர்ஷினிக்கு விளக்கினார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அந்த ரூலு அண்ணனுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"அப்ப தெரிஞ்சுதான் வெளிய வந்திருக்காப்ல."

போனை வைப்பதற்கு முன் அவளே சொன்னாள்: "ஊருல மாரடைப்புன்னுதான் சொல்லி வெச்சிருக்குதுங்க. எனக்கு இப்ப மாப்பிள்ளை பாத்துட்டிருக்காங்க. யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்ணா."

"சொல்லமாட்டனுங் கண்ணு."

பட்டியலில் அருள்குமாரின் பெயருக்கு எதிரே 'வேறு' என்ற கட்டத்தில் குறித்தார். நித்யஸ்ரீ பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். "செத்துப்போய்ட்டாப்ல. மேல கேக்காதீங்க அம்மணி," என்றார். நித்யஸ்ரீ கேட்கவில்லை. வரைபடத்தில் அந்த நாளைத் தேடி எடுத்து இருவரும் பார்த்தார்கள். எழுபத்து நான்கு வாழ்த்துகள். மற்ற ஊசிகளின் அதே உயரம், அதே கூர்மை.

"மிசினுக்கு வித்தியாசம் தெரியலீங்களா?" என்று கேட்டார் லட்சுமணசாமி.

"நாம சொல்லிக்குடுத்ததுதானுங்களே அதுக்குத் தெரியும்."

"நான் சொல்லிக்குடுத்தது," என்றார் அவர்.

சக மனிதன் விலகிப்போனதற்கு எழுபத்து நான்கு பேர் மனதாரச் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. கணினி அதைச் சரியாகவே அளந்தது. யாரைப் பற்றிய சந்தோஷம் என்பது மட்டும் அந்த அளவில் இல்லை. நித்யஸ்ரீ தன் ஆய்வின் அந்த அத்தியாயத்தை முழுவதும் திருத்தி எழுதினார். வெளியேறியதை நல்ல முடிவு என்று கொள்வதை விட்டார். காலை வணக்கப் படங்களை மகிழ்ச்சி என்ற தலைப்பிலிருந்து எடுத்தார். ஆய்வில் அப்படித் திருத்த இடம் இருந்தது. லட்சுமணசாமி இருந்த இடத்தில் அதற்கு வழி இல்லை.

காரணத்தைச் சொல்லவும் முடியாது, பழையபடி நடக்கவும் முடியாது. முதலில் அறிவிப்பதை நிறுத்தினார். இரண்டே வாரத்தில், புதிதாகக் கல்யாணமான ஒருவர் கோபமாகக் கூப்பிட்டார். "என்னோட முறைக்கு மட்டும் வாய மூடிக்கிட்டீங்களே. நாலு வருசமா எல்லாத்துக்கும் வாழ்த்துப் போட்டவன் நானு. எனக்கொரு வாழ்த்துக்கு வழியில்லீங்களா?" அவர் கேட்டதும் நியாயம்தான். அடுத்து நான்காவது விதி ஒன்றை எழுதினார்: வெளியேறுகிறவர் முதலில் அட்மினுக்குப் போன் செய்ய வேண்டும். அதன் கீழே கிருபாசங்கர் எழுதினார்: 'என்ன மாப்ளை, வெளிய போறதுக்குப் பர்மிசனா? உள்ள வந்ததே தலைவிதி. இப்ப ஜெயிலரு வேற.' முப்பது பேர் அதற்குச் சிரித்தார்கள். இன்னொருவர், அட்மினுக்குப் பொறாமை என்று எழுதினார். அந்த விதியையும் நீக்கினார்.

அதன் பிறகு தினமும் நான்கைந்து பேரைப் போனில் அழைக்க ஆரம்பித்தார். மோட்டார் ஓடுகிற நேரத்தில், வெளியே கொய்யா மரத்தடியில் நின்று. "சும்மாதான் மாப்ளை, எப்படி இருக்கறே?" என்பார். இரண்டு வாரம் பேசினார்கள். பிறகு பாதிப் பேர் எடுப்பதில்லை. "நல்லாத்தானுங்க இருக்கறேன். எழவு ஊட்டுக்கு வந்தவனாட்டம் தெனமும் கேக்கறீங்களே," என்று ஒருவர் சொன்னார். அதிலும் தவறில்லை. பெயர் சொல்லாமல் ஒருவருக்காகத் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார் அவர்.

அந்த வருடம் தை மாதம் கயல்விழியின் ஜாதகம் வந்தது. முப்பத்தேழு வயது, அவிநாசியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். முதல் கல்யாணம் எட்டே மாதத்தில் முறிந்து விவாகரத்தானது. அப்படிப்பட்ட இரண்டு ஜாதகங்களைப் பூவாத்தாள் முன்பு பிரிக்காமலே திருப்பியிருந்தார். இந்த முறை பிரித்துப் பார்த்தார்.

கயல்விழி வீட்டில் இருவரையும் தனியாகப் பேசவிட்டார்கள்.

"வேலைய விடமாட்டேனுங்க. தெனமும் பஸ்ஸுல போயிட்டு வந்துக்குவேன்," என்றார் கயல்விழி.

"சரிங்க."

"எங்கம்மா மாசத்துல நாலு நாளு வந்து இருப்பாங்க."

"சரிங்க."

"எல்லாத்துக்கும் சரிங்கறீங்க. தாலி கட்டுனதுக்கப்புறம் மொத்தமா சேத்து வெச்சு இல்லீம்பீங்களா?"

லட்சுமணசாமி சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்ததாகப் பூவாத்தாள் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வைகாசியில் முகூர்த்தம். மாடி அறையின் மெத்தை உறையைப் பூவாத்தாளே கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தார். பிளாஸ்டிக் காய்ந்து போயிருந்ததால் துண்டு துண்டாகத்தான் வந்தது. கிருபாசங்கரைக் குழுவின் இரண்டாவது அட்மின் ஆக்கியிருந்தார்கள், அறிவிப்பதற்காக. 'நம்ம தலைவர் லட்சுமணசாமி வெளியேறினார். வாழ்த்துக்கள்' என்று அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். விதியை எழுதியவரே அதன்படி போகிற நாள் என்பதால் எல்லோரும் காத்திருந்தார்கள். முந்தின நாள் மதியத்திலிருந்தே, 'இன்னும் இல்லையா?' என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். சாயங்காலம் வரை இல்லை. மறுநாள் தாலி கட்டியாயிற்று. அப்போதும் இல்லை. அறிவிப்பு வராமல் வாழ்த்து எழுத யாருக்கும் கை வரவில்லை. நாலரை வருடத்தில் குழுவே காத்திருந்தும் வாழ்த்தே இல்லாமல் நடந்த கல்யாணம் அவருடையது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் குழுவில் ஒரு தாமரைப் படம் வந்தது. காலை வணக்கம். அனுப்பியவர் லட்சுமணசாமி. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

சிலருக்கு அது பிடிக்கவில்லை. சாப்பிட்டு எழுந்தவன் பந்தியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். இரண்டு பேர் அதற்காகவே வெளியேறினார்கள். அவர்களை லட்சுமணசாமி உடனே போனில் அழைத்துப் பேசினார். கயல்விழி ஒரு முறை கேட்டார், கல்யாணமாகாதவர்கள் குழுவில் உங்களுக்கு என்ன வேலை என்று. "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க," என்று, அவரை நிறுத்தத்தில் விட வண்டியை எடுத்தார் லட்சுமணசாமி. நித்யஸ்ரீயும் தன் அட்டவணையை முடிக்க வேண்டிக் கேட்டார். கல்யாணம் ஆனவர், வெளியேறாதவர் என்ற கட்டத்தில் அவர் ஒருவரைத் தவிர யாரும் இல்லை. காரணம் என்ற இடம் வெறுமையாகவே அச்சாயிற்று.

கடைசியாகக் கிருபாசங்கர் தன் கடையில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாப்ளை, ரூல் எழுதுனது யாரு?"

"நாந்தான்."

"கதவு தொறந்து கெடக்குது. போக வேண்டியதுதானே?"

லட்சுமணசாமி அலமாரியில் இருந்த குழாய்களைப் புரட்டினார். "அரை இஞ்சு வால்வு இருக்குதா?" என்று கேட்டார். இருந்தது. நான்கு வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாவது விதி இன்றும் குழுவின் முகப்பில் இருக்கிறது. அவர் அதை அழிக்கவும் இல்லை, அதன்படி போகவும் இல்லை.